நாகரத்தினம் சுழி போட மறந்த நாள்

காங்கேயத்துக்குத் தெற்கே, பஸ் திரும்புகிற இடத்தில் நின்று பார்த்தால் கிளுவை வேலியும் மேய்ச்சல் கொறங்காடும் நடுநடுவே வெள்வேல மரமும் தவிர வேறொன்றும் தெரியாத, அப்படி ஏதாவது தெரிந்தால் அது மாடாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய எங்கள் ஊத்தாங்காட்டுப்புதூரில், மாடு விற்க நினைக்கிறவர் முதலில் மாட்டைக் குளிப்பாட்டுவார், அடுத்து அதன் கொம்பைச் சீவுவார், மூன்றாவதாக அதை நாகரத்தினத்தின் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போவார். நாகரத்தினம் மாட்டைப் படம் வரைந்து கொடுப்பாள். தகரத் தகட்டில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, மேலேயிருந்து பார்த்தால் தெரியும் முதுகு ஒன்று, ஆக மூன்று படம். போட்டோ எடுத்தால் ஆகாதா என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் பொறுமையாகப் பதில் சொல்வோம். போட்டோவில் மாடு விழும், கொம்பு விழும், பின்னால் நிற்கிற மாட்டுக்காரரின் பல்கூட விழும், சுழி விழாது.

சுழி என்றால் மாட்டின் மேல் மயிர் சுழித்துக்கொண்டு நிற்கிற இடம். மற்ற ஊர்க்காரர்கள் ஜாதகத்தைப் பார்த்துப் பெண் எடுக்கிறார்கள் என்றால் நாங்கள் சுழியைப் பார்த்து மாடு எடுக்கிறோம். முதுகில் அது மேல்நோக்கி ஏறினால் ஏறுபூரான், மாடு வந்த வீடும் ஏறும். கீழ்நோக்கி இறங்கினால் இறங்குபூரான், அந்த வீட்டுக்காரர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதை நம்புகிறீர்களா என்று எங்களைக் கேட்காதீர்கள். நம்பாதவர்கூட மாட்டை வாங்குவதற்கு முன்னால் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நம்பாமல் இருப்பார்.

நாகரத்தினத்துக்கு வரைவதில் ஒரு முறை உண்டு. முதலில் நான்கு கால்களையும் போடுவாள், கால் நின்றால்தான் மாடு நிற்கும் என்பாள். அப்புறம் வயிறு, திமில், கொம்பு, கண். எல்லாம் காய்ந்த பிறகு எழுந்து போய், மாட்டின் மேல் இருக்கிற ஒவ்வொரு சுழியையும் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, நாலே நாலு மயிர் கட்டிய தூரிகையால் அதைத் தகட்டில் போடுவாள். தொடாமல் ஒரு சுழி போட்டது கிடையாது. நல்ல சுழி, கெட்ட சுழி என்ற பாகுபாடும் கிடையாது. சுழி போட்டு முடித்தபின்தான் கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பாலக்காட்டில் இருக்கிறவர்கூட மாட்டைப் பார்க்காமலே லாரி அனுப்புவார்.

இப்படி ஊர் மாட்டின் சுழியை எல்லாம் உலகத்துக்குச் சொன்ன நாகரத்தினத்துக்கு, அவள் தலையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. உச்சியில் ரெட்டைச் சுழி. அடுத்தடுத்து இரண்டு, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு. ரெட்டைச் சுழிக்காரிக்கு ரெண்டு தாலி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு, அப்படியென்றால் முதல் தாலி கட்டுகிறவன் கதி என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வயது முப்பத்தொன்று ஆகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொறங்காட்டில் பசுக்களுக்குச் சேர்க்கிற பூச்சிக்காளை வளர்க்கிற சென்னியப்பனுக்கு அவள் மேல் நான்கு வருஷமாகப் பிரியம், அவளுக்கும் அவன் மேல் அதே நான்கு வருஷம். குறுக்கே நின்றது அவனுடைய அம்மா பழனாத்தா.

"அந்தப் புள்ளை தங்கமான புள்ளை, அதை நான் இல்லைங்கலை. ஆனா என்ற ஒரே பையனை மொதத் தாலிக்குக் குடுத்துப்போட்டு, ரெண்டாந் தாலிக்கு மொய் வெக்கப் போறதுக்கு நான் என்ன கேணச்சியா?" என்று பழனாத்தா கேட்டாள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருமூர்த்தி தன் சாம்பல்நிற மயிலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து நாகரத்தினத்தின் வாசலில் கட்டினார். ஐந்து அடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மகாலட்சுமி, கிட்டே வந்து முதுகைப் பார்த்தால் இறங்குபூரான், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சாவகாசமாக இறங்கியிருந்தது. மூன்று பேர் வாங்கப் போவதாக வந்து முதுகைத் தடவிவிட்டுக் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நாகரத்தினம் கால் போட்டாள், வயிறு போட்டாள், கொம்பு போட்டாள், கண் போட்டாள். காயட்டும் என்று வைத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் வந்து நின்று, இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டான். மாசி மாதத்தில் மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்தவள் முகத்தில் இருந்த சிரிப்போடு தூரிகையை எடுத்தாள், கையெழுத்தைப் போட்டாள், தகட்டைத் திருமூர்த்தியிடம் கொடுத்தாள். சுழி போட மறந்துவிட்டாள்.

மறுநாள் பால் கறக்கிற நேரத்துக்குத் திருமூர்த்தி தெருவெல்லாம் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார்.

"அம்மிணி, என்ற மாட்டு முதுகைக் காணோம்!"

"முதுகைக் காணோங்களா?"

"முதுகு இருக்குது. பூரானைத்தான் காணோம்!"

போய்ப் பார்த்தோம். தேய்த்து வைத்த வேட்டி கணக்காக முதுகு வழவழவென்று இருந்தது. தடவினோம், எதிர்த்துத் தடவினோம், தண்ணீர் தெளித்துத் தடவினோம். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு இது உப்புச்சத்துக் குறைவு என்று சொல்லித் தாது உப்பு எழுதிக் கொடுத்தார். அதே நேரத்தில் நாகரத்தினம் தன் வீட்டில் தூரிகை கழுவுகிற டர்பன்டைன் டப்பாவைக் குனிந்து பார்த்தாள். உள்ளே, யாரும் கலக்காமலே, ஒரு பூரான் நீளத்துக்கு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆவியாகிவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு மூடியைப் போட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இல்லை. கெட்ட சுழி மாடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நெற்றியில் முக்கண்டம் இருந்த எருது வந்தது, விலாவில் பாடைச் சுழி இருந்த கிடாரி வந்தது, எந்தச் சுழி என்றே தெரியாமல் "எதுக்கும் ஒண்ணை எடுத்துருங்க" என்று சொன்னவரின் காளையும் வந்தது. நாகரத்தினம் முதலில் மாட்டேன் என்றாள். இருப்பதை இல்லையென்று வரைவது பொய்க் கையெழுத்து ஆகாதா என்று கேட்டாள். "காலையில பாத்தா நெசமாவே இல்லியே அம்மிணி, அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?" என்று திருமூர்த்தி கேட்டார். அவர் அந்த வாரமே பசுவைக் கரூருக்கு விற்றுவிட்டு அதே தெம்பில் வேறு இரண்டு மாடு வாங்கியிருந்தார். சித்திரை பிறப்பதற்குள் ஐம்பத்திரண்டு மாடுகளுக்குச் சுழி போய்விட்டது. டர்பன்டைன் டப்பா மூன்றாகிவிட்டது. இரவில் மூடி லேசாக அதிர்வதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், அதற்கு அவள் மேலே ஒரு செங்கல்லை வைத்தாள், அத்தோடு அதுவும் பழகிப்போயிற்று.

ஐம்பத்திரண்டாவது மாடு போன அன்று மாலை பழனாத்தா வந்தாள். நான்கு வருஷத்தில் அந்த வாசலில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"ஏனம்மிணி, மாட்டுக்கு எடுக்கற கை மனுசிக்கு எடுக்காதா? உன்ற படத்தை நீயே வரஞ்சு, ஒரு சுழியை விட்டுப்போட்டுக் கையெழுத்துப் போடு. வைகாசியில மூர்த்தம் இருக்குது. நான் ஐயரைப் பாத்துட்டுத்தான் வாரேன்."

நாகரத்தினத்துக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள், பொங்கியதைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணாடி வாங்கக் காங்கேயத்துக்கு அப்போதே பஸ் ஏறப் போனவளைக் கடை சாத்தியிருக்கும் என்று பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மறுநாள் இரண்டு கண்ணாடி வாங்கிவந்து முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். மாட்டைத் தவிர வேறு எதையும் வரைந்து பழக்கமில்லாததால் வழக்கம்போல் முதலில் கால்களைப் போட்டாள், மனுஷிக்கு இரண்டுதான் என்று நினைவு வந்து மற்ற இரண்டை அழித்தாள். ஒரு வாரத்தில் படம் முடிந்தது. ஒரு சுழி மட்டும் போட்டாயிற்று. இனிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரத்தில்தான் மாடுகள் வீடு மாற ஆரம்பித்தன.

சாயங்காலம் கொறங்காட்டுப் படலைத் திறந்துவிட்டால் எங்கள் மாடுகளுக்கு ஆள் தேவையில்லை, அதது அதன் வீட்டுக்குப் போய்ச் சேரும். இப்போது சுழி போன மாடுகள் தெருவுக்கு வந்ததும், எந்த வாசல் திறந்திருந்ததோ அதற்குள் நுழைந்தன. யார் கூப்பிட்டாலும் வந்தன. யார் கறந்தாலும் கறந்தன. கன்றுகள் கிடைத்த மடியில் குடித்தன, பசுக்களும் எது நம் கன்று என்று முகர்ந்து பார்க்காமல் நின்றன. சுழி வைத்துத்தான் அடையாளம் கண்டு பழகிய நாங்களும் இது நம்முடையதா அடுத்தவருடையதா என்று தெரியாமல் வாலைப் பிடித்துக்கொண்டு யோசித்தோம். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பதினோரு வருஷமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், மாட்டை மாற்றிக்கொள்வதற்காகப் பேச ஆரம்பித்து, அப்படியே பழைய பொங்கல் சண்டைவரை பேசித் தீர்த்தார்கள். எவர் வீட்டுக்கு எது வந்தாலும் தீனி போடுவது, கறப்பது, காலையில் அவிழ்த்துவிடுவது என்று ஊரே ஒரு வழக்கத்துக்கு வந்துவிட்டது. எங்களால் எதற்கும் பழகிக்கொள்ள முடியும்.

ஆனால் நாகரத்தினம் பழகிக்கொள்ளவில்லை. அவள் வீட்டில் செவலைக் கிடாரி ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நச்சரித்ததால் அதன் விலாவில் இருந்த ஒரு சுழியையும் அவள் எடுத்திருந்தாள். அவள் குரல் கேட்டால் வேலியைத் தாண்டிக் குதித்து வருகிற கிடாரி அது. அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டாள், வந்தது. பால்காரர் கூப்பிட்டார், அவரிடமும் போனது. தெருவில் போகிற ஐஸ்காரர் சும்மா மணியடித்தார், அதே நடையில் அவர் பின்னாலும் போனது. அவள் அதன் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது, ஐஸ்காரரைப் பார்த்த அதே பார்வை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே செங்கல்லை எடுத்தாள், டப்பாக்களைத் திறந்தாள். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தொட்டிருந்ததால் எது யாருடையது என்பது விரலுக்குத் தெரிந்தது, தொட மறந்த மயிலைப் பசுவின் பூரான் மட்டும் கடைசியில் தானாக மிஞ்சியது. பழைய தகடுகள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, விட்டுப்போன சுழியை ஒவ்வொன்றாகப் போட்டாள். கரூருக்குப் போன மயிலைப் பசுவின் தகட்டையும் விடவில்லை, வாங்கியவருக்கு ஆள் அனுப்பி உள்ளதைச் சொன்னாள், அவர் மாட்டைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் பிறகு நன்றாகக் கறக்கிறது என்று தானே வைத்துக்கொண்டார். திருமூர்த்தி மட்டும் ஊரில் இருந்தபடி ஒரு வாரம் தலைமறைவாக இருந்தார். சிலர் பேரம் பேசினார்கள். "போடறதுதான் போடறீங்க, ரெண்டு விரக்கடை மேல தள்ளிப் போட்டா ராஜ சுழி ஆயிருமுங்களே?" அவள் இருந்த இடத்திலேயே போட்டாள். சுழி போடப்போட, யார் வீட்டிலோ தின்றுகொண்டிருந்த மாடு திடீரென்று நிமிர்ந்து, இங்கே எனக்கென்ன வேலை என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வீட்டைப் பார்க்க நடந்தது.

வைகாசி வந்துவிட்டது. மூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது பழனாத்தாவும் சென்னியப்பனும் வந்தார்கள். கையெழுத்துப் போடாத படம் சுவரில் சாய்ந்திருந்தது.

"இன்னும் எதுக்கம்மிணி வெச்சுப் பாத்துட்டு இருக்கறே? கையெழுத்தைப் போட்டுப்போடு" என்றாள் பழனாத்தா.

"போட மாட்டேனுங்க அத்தை."

"ஏன்?"

"ஒரு சுழி போச்சுன்னா நான் யாரு வீட்டுக்கு வேணாலும் போயிருவேனுங்க."

சென்னியப்பன் வேகமாகச் சொன்னான். "நான் இருக்கேன்ல ரத்தினம்? நான் கூப்புட்டுட்டுப் போறேன். நீ என் பின்னாடி வந்தாப் போதும்."

"வருவேனுங்க. கூப்புட்டவீக பின்னாடி எல்லாம் வருவேன். அதுல நீங்களும் ஒரு ஆளு, அவ்வளவுதானுங்க. நாலு வருசமா உங்களையே நெனச்சுட்டு இருக்கற இந்த மண்டைதான் எனக்கு வேணும். ரெட்டைச் சுழியோடயே வேணும்."

நாகரத்தினம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆசைப்பட்ட ஒன்றைத் தன் கையாலேயே தள்ளிவிட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பழனாத்தா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் நாகரத்தினம் கொஞ்சம் மாடு நிற்கிற மாதிரிதான் நின்றுகொண்டிருந்தாள். பிறகு பழனாத்தா தொண்டையைச் செருமினாள்.

"உனக்கு எடுக்க வேண்டாம். இவனுக்கு ஒண்ணு சேத்துப் போட முடியுமா?"

"எதுக்குங்க?"

"ரெட்டைச் சுழிக்காரிக்கு ரெண்டு தாலி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கண்ணாலம். ரெண்டையும் ரெண்டு பேருக்குள்ளயே பண்ணிப்போட்டா ஊர் கணக்கு முடிஞ்சுதா இல்லையா? மொத மாப்பிள்ளை இல்லாமப் போவோணும். அவ்வளவுதானே? இவனை ஊர் எல்லையைத் தாண்டிப் போகச் சொல்றேன். போனவன் போனவன்தான். திரும்பி வாரவன் ரெண்டாவது மாப்பிள்ளை."

அன்று சென்னியப்பனை முக்காலியில் உட்காரவைத்து வரைந்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது. முதலில் கால்கள், இந்தத் தடவை சரியாக இரண்டு. கடைசியில் சுழியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய கட்டம் வந்தது. தொடாமல் போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இத்தனை பேர் முன்னால் அவன் தலைமேல் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். நான்கு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கமே நின்ற ஆள் கண்ணை மூடிக்கொண்டான். நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பதாகப் பாவனை செய்தோம். அவள் ஒன்றுக்கு இரண்டாகச் சுழி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை எண்ணெய் தேய்க்கப் போன பழனாத்தாவின் கைக்கு மகன் உச்சியில் இரண்டாவது தட்டுப்பட்டது. முடிவெட்டுகிறவர் மட்டும் இனி எந்தப் பக்கம் சீவுவது என்று கவலைப்பட்டார்.

மூர்த்தத்தன்று காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயிலில் முதல் கல்யாணம். மஞ்சள் கயிறு கட்டினான். இட்லி சாப்பிடக்கூட விடாமல் பழனாத்தா அவனை எழுப்பி, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னாள். கிளுவை வேலியோரமாக அவன் போவதை, எல்லைக் கல்லைத் தாண்டுவதை, கண்ணுக்கு மறைவதை நாங்கள் பார்த்தோம். நாகரத்தினம் அந்தக் கயிற்றைத் தானே கழற்றி உண்டியலில் போட்டாள். இதெல்லாம் விளையாட்டு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம், ஆனால் உண்டியலில் போடுவதற்கு முன்னால் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒன்பது மணிக்குள் அவன் புது வேட்டியோடு வர வேண்டும். பத்தரைக்கு மூர்த்தம் முடிகிறது.

ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. பந்தியில் இருந்தவர்கள் கேலி பேசினார்கள். பத்தானபோது கேலியை நிறுத்தினார்கள். வெறும் கழுத்தோடு மணையில் உட்கார்ந்திருந்த நாகரத்தினத்துக்குப் பயம் வந்துவிட்டது. ஊர் சொன்ன கணக்கு தன்னை ஏமாற்றவிடாமல் அவனை நிஜமாகவே எடுத்துக்கொண்டதோ என்று பயந்தாள். அவன் படத்தில் கையெழுத்தைப் போடாமல் இருந்திருக்கலாமே என்று பயந்தாள். பழனாத்தா எல்லைக்கல்லைப் பார்த்தபடி நின்றாள், யோசனை சொன்னவள் அவள்தானே. பத்து இருபதுக்கு யாரோ ஒருவர் அழ ஆரம்பித்தார், திருமூர்த்திதான்.

பத்து இருபத்து மூன்றுக்கு சென்னியப்பன் ஓடிவந்தான். வேட்டியெல்லாம் புழுதி. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆலமரத்தடியில் ஒரு மாட்டுத் தரகர் சும்மா நின்றவன் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைத் தொட்டு ஒரு ஜோடி எருதுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டாராம். பேரம் படிவதற்கு முன்னால் துண்டுக்குள்ளிருந்து கையை உருவினால் எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. கல்யாணம் என்று சொன்னானாம். காலையிலேயே ஆயிருச்சுன்னு கேள்விப்பட்டேனுங்களே என்றாராம் தரகர்.

மேளக்காரர் அவசரமாக அடித்தார். ஐயர் கயிற்றை நீட்டினார். நாகரத்தினம் அதைப் பார்க்காமல், எதிரே மூச்சு வாங்க நின்றவனின் தலையைப் பிடித்துக் குனியவைத்து, கட்டைவிரலால் உச்சியில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள்.

"சுழி ரெண்டும் இருக்குது. புத்தி ஒண்ணைத்தான் காணோம்" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.